டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (மார்ச் 12, 1864 - ஜூன் 4, 1922) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர், உளவியலாளர், மானிடவியலாளர் ஆவார். முதல் உலகப் போரில் மனம் சிதைந்து திரும்பிய படை அதிகாரிகளுக்கு எடின்பரோ அருகிலுள்ள கிரெய்க்லாக்கார்ட் போர் மருத்துவமனையில் இவர் அளித்த சிகிச்சையால் பெரிதும் அறியப்படுகிறார். கொடிய நிகழ்வுகளைக் கண்டவர்கள் அவற்றை மறந்துவிட வேண்டும் என்று பொதுவாக அறிவுறுத்தப்பட்ட காலத்தில், அந்த அறிவுரையே நோயை வளர்க்கிறது என்று வாதிட்டவர் இவர். நீலகிரி மலையில் வாழும் தோடர்களைப் பற்றி இவர் எழுதி 1906 இல் வெளியான நூல் தமிழக மானிடவியல் ஆய்வில் முக்கியமான ஆவணமாகும்.

இவருடைய பெயரில் ரிவர்ஸ் என்பது இரு முறை வருவது எழுத்துப் பிழையன்று. குடும்பப் பெயரே இடைப்பெயராகவும் அமைந்துவிட்டது.

இளமையும் குடும்பமும்

ரிவர்ஸ் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் சாத்தம் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை ஹென்றி பிரெடெரிக் ரிவர்ஸ் இங்கிலாந்துத் திருச்சபையின் மதகுரு. தாய் எலிசபெத் ஹண்ட். தாய்வழிப் பாட்டனார் தாமஸ் ஹண்ட் திக்குவாயைக் குணப்படுத்துவதில் பெயர் பெற்றவர். தாய்மாமன் ஜேம்ஸ் ஹண்ட் அதே தொழிலைத் தொடர்ந்தார். இலண்டன் மானிடவியல் கழகத்தை 1863 இல் நிறுவியவரும் இவரே. ஜேம்ஸ் ஹண்ட் 1869 இல் இறந்தபின் அத்தொழில் ரிவர்ஸின் தந்தையிடம் வந்தது. பேச்சுப் பயிற்சிக்காக அக்குடும்பத்திடம் வந்தவர்களுள் ஒருவர் சார்லஸ் டாட்ஜ்சன். லூயிஸ் கரோல் என்னும் புனைபெயரில் 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையை எழுதியவர்.

திக்குவாய் மருத்துவர்களின் வீட்டில் பிறந்த ரிவர்ஸுக்கும் வாழ்நாள் முழுதும் திக்குவாய் இருந்தது. அது முற்றிலும் நீங்கவில்லை. பிறருடைய நாவைக் கட்டவிழ்த்துவிடுவதைப் பிற்காலத்தில் தம் பணியாகக் கொண்ட ஒருவர், தம் நாவோடு அன்றாடம் போராடியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மற்றொரு குறைபாட்டையும் அவரே பின்னாளில் பதிவு செய்துள்ளார். கண்ணை மூடி ஒரு காட்சியை மனத்திரையில் காணும் ஆற்றல் அவருக்கு ஏறக்குறைய இல்லை. ஐந்து வயது வரை வாழ்ந்த வீட்டின் கீழ்த்தளம் அவருக்கு நினைவிருந்தது. மேல்தளம் சற்றும் நினைவில் இல்லை. அம்மேல்தளத்தில் தமக்கு ஏதோ நேர்ந்திருக்க வேண்டும் என்றும், அதை மனம் மூடி மறைத்துவிட்டது என்றும் அவர் கருதினார். அது என்ன என்பதை இறுதிவரை அவரால் மீட்க இயலவில்லை.

டான்பிரிட்ஜ் பள்ளியில் பயின்ற காலத்தில் குடற்காய்ச்சலுக்கு ஆளானதால் கேம்பிரிட்ஜ் உதவித்தொகைத் தேர்வை எழுத முடியாமற் போனது. எனவே இலண்டனில் உள்ள புனித பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்ந்து 1886 இல், 22 ஆம் அகவையில், மருத்துவப் பட்டம் பெற்றார். சில காலம் கப்பல் மருத்துவராகப் பணியாற்றினார். 1891 இல் குவீன் சதுக்கத்தில் இருந்த தேசிய நரம்பியல் மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கே ஹென்றி ஹெட் என்னும் நரம்பியல் மருத்துவருடன் ஏற்பட்ட நட்பு இறுதிவரை நீடித்தது.

உளவியல் ஆய்வுகள்

ரிவர்ஸ் 1893 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புலனுறுப்புகளின் உடலியங்கியலைக் கற்பிக்கத் தொடங்கினார். 1897 இல் இங்கிலாந்தின் முதல் சோதனைமுறை உளவியல் ஆய்வுக்கூடங்கள் இரண்டு, ஒன்று கேம்பிரிட்ஜிலும் மற்றொன்று இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும், அவர் பொறுப்பில் இருந்தன. 1902 இல் கேம்பிரிட்ஜின் புனித ஜான் கல்லூரியில் உறுப்பாளர் ஆனார். 1904 இல் பிரித்தானிய உளவியல் ஆய்விதழைத் தொடங்கியவர்களுள் இவரும் ஒருவர்.

மது, காப்பியில் உள்ள கஃபீன் போன்ற பொருட்கள் உடற்சோர்வின்மீது ஏற்படுத்தும் விளைவை அவர் ஆராய்ந்தார். சோதனைக்குட்படுபவர் தாம் அருந்துவது மருந்தா வெறும் கலவையா என்பதை அறியாதபடி, இரண்டும் ஒரே சுவையுடன் தரப்பட்டன. எதிர்பார்ப்பு ஒன்றே உடலை மாற்றிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்ததே காரணம். இன்று மருந்துச் சோதனைகளில் கட்டாயமாகிவிட்ட மறைப்புமுறையின் தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

இக்காலத்தில் நடந்த மிகவும் வியப்பான சோதனை ஹென்றி ஹெட்டின் கையில் நடந்தது. 1903 ஏப்ரல் மாதம் ஹெட் தம் இடது முன்கையில் ஆரை நரம்பின் தோல் கிளையை அறுவை மருத்துவர் ஒருவரைக் கொண்டு வெட்டச் செய்து, இரு முனைகளையும் மீண்டும் தைத்துவிடச் செய்தார். பின் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக, வார இறுதிகளில், கேம்பிரிட்ஜில் ரிவர்ஸின் அறைக்கு வந்து கண்களை மூடி அமர்வார். ரிவர்ஸ் பஞ்சு, ஊசி, சூடும் குளிருமான குழாய்கள் ஆகியவற்றைக் கொண்டு தொட்டுத் தொட்டு உணர்ச்சி திரும்பும் முறையைக் குறித்துக்கொள்வார். முதலில் திரும்பியது இடம் அறியாத, எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்ற வகையிலான முரட்டு உணர்ச்சி. நுண்ணிய, அளவறிந்த உணர்ச்சி பின்னரே திரும்பியது. பழைய உணர்ச்சி அழிவதில்லை, புதியது அதன்மேல் அமர்ந்து அதை அடக்கி வைக்கிறது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். நரம்பியலாளர்கள் பின்னர் இம்முடிவைப் பெருமளவு ஏற்கவில்லை. ஆயினும் அடக்கி வைக்கப்பட்டது அழிந்துவிடுவதில்லை என்ற எண்ணம் ரிவர்ஸின் மனத்தில் தங்கிவிட்டது. போர்க்கால மருத்துவத்தில் அதன் சாயலைக் காணலாம்.

டோரஸ் நீரிணையும் நீலகிரியும்

1898 இல் ஆல்பிரட் ஹாடன் தலைமையில் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்குழு ஒன்று ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. ரிவர்ஸின் மாணவர்களான சார்லஸ் மயர்ஸ், வில்லியம் மக்டூகல் ஆகியோரும் அதில் இருந்தனர். தீவு மக்களின் பார்வை, கேள்வி, தொடுவுணர்ச்சி ஆகியவற்றை அளப்பதே ரிவர்ஸின் பணி. பழங்குடிகளின் புலன்கள் ஐரோப்பியரினும் இயற்கையிலேயே மிகக் கூர்மையானவை என்ற நம்பிக்கைக்கு அவருடைய அளவீடுகள் போதிய ஆதாரம் தரவில்லை. சில கண்மயக்கப் படங்களில் ஐரோப்பியரினும் தீவு மக்கள் குறைவாகவே ஏமாந்தனர்.

பார்வைத் திறன் பரம்பரையாக வருகிறதா என்று அறியவே அவர் ஒவ்வொருவரின் குடிவழியையும் கேட்டு எழுதத் தொடங்கினார். தந்தை, தாய், உடன்பிறந்தார், பிள்ளைகள் என்னும் மிகச் சில அடிப்படைச் சொற்களை மட்டும் கொண்டு கேள்வி கேட்டு, முழு ஊரின் உறவு வலையையும் தாளில் வரையலாம் என்பது அப்போது அவருக்குப் புலப்பட்டது. இது குடிவழி முறை எனப்படுகிறது. கணினித் துறையினர் தரவுத்தளம் அமைக்கும்போது குறைந்த எண்ணிக்கையிலான தொடர்புகளிலிருந்து எஞ்சியவற்றை வருவிப்பதை இது நினைவூட்டும். மானிடவியலில் இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

இதே முறையுடன் 1901-1902 இல் ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்தார். தோடர்கள் அப்போது 800 பேர் அளவிலேயே இருந்தனர். எருமை வளர்ப்பையும், பால் கடையும் புனிதக் குடில்களையும் மையமாகக் கொண்ட அவர்களுடைய சமயச் சடங்குகள், ஒரு பெண் உடன்பிறந்த சகோதரர்கள் பலருக்கு மனைவியாகும் மணமுறை, ஈமச் சடங்குகள், மந்து எனப்படும் குடியிருப்புகள் ஆகியவற்றை மொழிபெயர்ப்பாளர் துணையுடன் பல மாதங்கள் பதிவு செய்தார். 1906 இல் வெளியான நூலில் ஊர்தோறும் குடிவழி அட்டவணைகள் உள்ளன.

அந்நூலின் தொடக்கத்தில் அவர் மறைக்காமல் எழுதியுள்ள செய்தி ஒன்று கவனிக்கத்தக்கது. புனிதச் செய்திகளை அவருக்கு வெளிப்படுத்திய தோடர்களுக்குச் சில நாட்களிலேயே துன்பங்கள் நேர்ந்தன. ஒருவர் நோயுற்றார். மற்றொருவரின் மனைவி இறந்தார். இன்னொருவர் ஊரின் பால் குடில் எரிந்துபோனது. குறி சொல்பவர்கள் இதைத் தெய்வங்களின் சினம் என்றனர். அதன்பின் பலர் அவரிடம் பேச மறுத்துவிட்டனர். கேள்வி கேட்பவர் ஊர் திரும்பிவிடுவார், பதில் சொன்னவரே அதன் விளைவோடு வாழ வேண்டும் என்பதை இந்நிகழ்வு வெளிப்படையாகக் காட்டுகிறது.

அந்நூலில் குறையும் உண்டு. தோடர்களிடம் தந்தைவழிக் குலங்களோடு தாய்வழிக் குலங்களும் உள்ளன என்பதை ரிவர்ஸ் காணத் தவறினார். அவர்களின் மொழியைக் கற்று 1930களில் ஆய்ந்த மரே எமனோ இதை வெளிக்கொணர்ந்தார். மொழிபெயர்ப்பாளரைச் சார்ந்த ஆய்வின் எல்லை இது.

1908 இல் ரிவர்ஸ் மெலனீசியத் தீவுகளில் ஆய்வு நடத்தினார். அதே ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1914 இல் மெலனீசியச் சமூக வரலாறு பற்றிய நூல் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் போர் மூண்டபோது அறிஞர் மாநாடு ஒன்றிற்காக உலகின் மறுகோடியில் இருந்தார். 1915 இல் நாடு திரும்பியபோது அகவை 51.

போரும் 'செல் ஷாக்' நோயும்

போர் தொடங்கிய சில மாதங்களிலேயே உடலில் காயமே இல்லாத வீரர்கள் கூட்டங்கூட்டமாக மருத்துவமனைக்கு வரலாயினர். சிலருக்குப் பேச்சு நின்றது. சிலருக்குக் கால் நடக்கவில்லை. சிலர் உறங்க அஞ்சினர். ரிவர்ஸின் பழைய மாணவரான சார்லஸ் மயர்ஸ் 1915 பெப்ரவரியில் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் 'செல் ஷாக்' என்னும் பெயரைப் பயன்படுத்தினார். எறிகுண்டு வெடிக்கும் அதிர்வால் நரம்பு மண்டலம் குலைகிறது என்பது அப்பெயரின் பொருள். குண்டு விழாத இடத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே நோய் இருந்ததால் அப்பெயர் பொருந்தாது என்பதை மயர்ஸே விரைவில் உணர்ந்தார். ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

படைத்துறையில் பலர் இதை நோயாகவே ஏற்கவில்லை. கோழைத்தனம் அல்லது பாசாங்கு என்றனர். போர்க்களத்தை விட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படைகளில் 300க்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் மனநோயுற்றோரும் இருந்தனர் என்று பின்னர் வாதிடப்பட்டது. 306 பேருக்கு 2006 இல் சட்டத்தின் வழி மன்னிப்பு வழங்கப்பட்டது. மருத்துவமனைகளிலும் கடுமை இருந்தது. ரிவர்ஸ் முன்னர்ப் பணிபுரிந்த குவீன் சதுக்க மருத்துவமனையில் லூயிஸ் ஈலண்டு என்னும் மருத்துவர், பேச்சிழந்த வீரர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேச வைத்தார். அறிகுறி நீங்கியது, அது தோன்றிய காரணம் கேட்கப்படவில்லை.

ரிவர்ஸ் 1915 இல் லிவர்பூல் அருகிலுள்ள மகல் படை மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கு ஆர். ஜி. ரோஸ் தலைமையில் மருத்துவர்கள் கனவுகளையும் நினைவுகளையும் நோயாளியுடன் பேசி ஆராயும் முறையைக் கையாண்டு வந்தனர். சிக்மண்ட் பிராய்டின் நூல்களை ரிவர்ஸ் இக்காலத்தில் ஆழ்ந்து கற்றார். மனம் தாங்க இயலாததை நனவிலிக்குள் தள்ளுகிறது என்பதையும், கனவும் நோயும் மனப் போராட்டத்தின் விளைவுகள் என்பதையும் ஏற்றார். எல்லாவற்றுக்கும் மூலம் பாலுணர்ச்சியே என்பதை ஏற்கவில்லை. போர்முனையில் மோதிக்கொள்பவை உயிர் பிழைக்கும் உந்துதலும் கடமையுணர்வும். இதற்குக் குழந்தைப்பருவப் பாலுணர்ச்சி வரை செல்லத் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு. பிராய்டை இங்கிலாந்து மருத்துவர்கள் ஏளனம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், எதிரி நாட்டு அறிஞர் ஒருவரின் கருத்தில் ஏற்கத்தக்கதை மட்டும் பிரித்து எடுத்து 1917 இல் மருத்துவ இதழில் கட்டுரை எழுதியது துணிவான செயலே.

கிரெய்க்லாக்கார்ட்

1916 ஜூலை 1 இல் தொடங்கிய சொம் சண்டையின் முதல் நாளில் மட்டும் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 57,000 பேர் இறந்தோ காயமுற்றோ போயினர். மனநோயாளிகளின் எண்ணிக்கை பெருகியது. எடின்பரோ நகருக்கு வெளியே நீர்ச்சிகிச்சை விடுதியாக இருந்த கிரெய்க்லாக்கார்ட் கட்டடம் அவ்வாண்டு அக்டோபரில் அதிகாரிகளுக்கான போர் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. ரிவர்ஸ் படை மருத்துவப் பிரிவில் கேப்டன் நிலையில் அங்கு அமர்த்தப்பட்டார்.

மருத்துவமனையில் பகல் பொழுது ஒரு விடுதியைப் போலவே கழிந்தது. இளைஞர்கள் கோல்ஃப் ஆடினர், தோட்டம் போட்டனர், 'ஹைட்ரா' என்னும் இதழை நடத்தினர். இரவில் நிலைமை வேறு. உறங்கினால் கனவில் மீண்டும் போர்முனை. எனவே பலர் விளக்கை ஏற்றிவைத்து விழித்திருந்தனர். பகலில் நகைச்சுவையுடன் உரையாடுபவரே இரவில் அலறினார்.

அவர்களில் பெரும்பாலோருக்கு முன்பு சொல்லப்பட்ட அறிவுரை ஒன்றுதான். போரை நினைக்காதே, நல்லதை நினை, புத்தகம் படி, மறந்துவிடு. மருத்துவர்களும் உறவினரும் நல்லெண்ணத்துடனேயே இதைச் சொன்னார்கள். நோயாளியும் உண்மையாக முயன்றார். பகல் முழுதும் அடக்கியது இரவில் பன்மடங்காகத் திரும்பியது. ரிவர்ஸ் இதை 1917 டிசம்பரில் அரச மருத்துவக் கழகத்தில் வாசித்து, 1918 பெப்ரவரியில் 'லான்செட்' இதழில் வெளியான 'போர் அனுபவத்தை ஒடுக்குதல்' என்னும் கட்டுரையில் விளக்கினார். போரின் கொடுமை மட்டுமன்றி, அக்கொடுமையை மனத்திலிருந்து விரட்ட எடுக்கும் ஓயாத முயற்சியும் நோயை நிலைக்கச் செய்கிறது என்பதே அதன் சாரம்.

ஆனால் அவர் முறையை வெறுமனே பேசித் தீர்த்தல் என்று சுருக்கிவிடக் கூடாது. எந்நேரமும் கொடுமையையே நினைத்துக்கொண்டிருப்பதும் தீங்கு என்று அவர் அதே கட்டுரையில் எச்சரித்தார். நாளில் சிறிது நேரம் அந்நினைவை நேருக்கு நேர் நோக்க வேண்டும். அப்போது அதில் தாங்கிக்கொள்ளக்கூடிய ஏதேனும் ஒரு கூறு உள்ளதா என்று மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து தேட வேண்டும்.

அவர் பெயர் குறிப்பிடாமல் விவரித்த நோயாளிகளில் ஒருவர், தம் நண்பரைத் தேடிச் சென்று குண்டால் சிதறிய உடலைக் கண்டவர். ஒவ்வொரு இரவும் அந்த உருக்குலைந்த உடல் கனவில் வந்தது. அந்த அளவுக்குச் சிதறிய உடலே, நண்பர் ஒரு கணமும் வலியை உணராமல் இறந்தார் என்பதற்குச் சான்று என்பதை ரிவர்ஸ் எடுத்துக்காட்டினார். காயம்பட்டு நெடுநேரம் துடித்து இறந்தவர்களை அந்த அதிகாரி கண்டிருந்தார். ஆதலால் அச்சொல் அவருக்கு வெற்று ஆறுதலாக இல்லை. பின்னர் ஓர் இரவில் கனவு வந்தபோது அச்சத்தின் இடத்தில் துயரம் இருந்தது. நண்பரின் உடலருகே மண்டியிட்டு அவருடைய உடைமைகளை உறவினருக்காக எடுத்ததாகக் கனவு கண்டார். அது சாதாரண மனிதர் எவருக்கும் நேரக்கூடிய துக்கம்.

அதே கட்டுரையில் தம் முறை பயனளிக்காத நோயாளியையும் அவர் சேர்த்துள்ளார். குண்டு வெடிப்பில் தூக்கியெறியப்பட்டு, அழுகிய பிணம் ஒன்றின் வயிற்றின்மேல் முகம் பதிய விழுந்த இளம் அதிகாரி அவர். அந்தச் சுவையும் நாற்றமும் அவரை விடவில்லை. இந்நினைவில் தாங்கிக்கொள்ளத்தக்க கூறு எதையும் தம்மால் காண முடியவில்லை என்று ரிவர்ஸ் ஒப்புக்கொண்டார். அவரைப் படையிலிருந்து விடுவித்து, முன்பு அமைதி தந்த நாட்டுப்புற வாழ்வுக்கே அனுப்புவதுதான் வழி என்று முடிவு செய்தார். தம் கோட்பாட்டுக்கு எதிரான சான்றைத் தம் கட்டுரையிலேயே வைப்பவர்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் நோய் வேறுபட்ட வடிவில் வருவதையும் அவர் ஆராய்ந்தார். வீரர்களுக்குப் பேச்சிழப்பு, வாதம் போன்றவை மிகுதி. அதிகாரிகளுக்குப் பதற்றம், உறக்கமின்மை, கொடுங்கனவு. தமக்குக் கீழுள்ளவர்களின் உயிருக்குப் பொறுப்பேற்பதும், அவர்கள் முன் அச்சத்தைக் காட்டக் கூடாது என்ற கட்டாயமும் அதிகாரியின் மனத்தை அரிக்கின்றன என்றார். செயலுக்கும் அச்சத்துக்கும் உள்ள தொடர்பையும் அவர் வலியுறுத்தினார். ஆபத்தை எதிர்த்துக் கையால் ஏதேனும் செய்ய முடிந்தவர் எளிதில் குலைவதில்லை. விமானத்தைத் தாமே ஓட்டியவர்களைக் காட்டிலும், கட்டப்பட்ட பலூனில் தொங்கியபடி செயலற்றுக் காத்திருந்தவர்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர்.

சசூனும் ரிவர்ஸின் கனவும்

1917 ஜூலையில் சீக்ஃபிரிட் சசூன் என்னும் கவிஞர் கிரெய்க்லாக்கார்ட் வந்து சேர்ந்தார். வீரத்திற்கான பதக்கம் பெற்ற அதிகாரியான அவர், போரை முடிக்கும் அதிகாரம் உள்ளவர்களே அதை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று அறிக்கை வெளியிட்டுப் பணிக்குத் திரும்ப மறுத்தார். அறிக்கை நாடாளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. படை நீதிமன்ற விசாரணையைத் தவிர்க்க நண்பர் ராபர்ட் கிரேவ்ஸ் முயன்றதன் பயனாக, அவர் மனநோயாளி என்று மருத்துவக் குழு முடிவு செய்து அனுப்பியது.

அவருக்குக் குறிப்பிடத்தக்க நோய் எதுவும் இல்லை என்பது ரிவர்ஸுக்கு விரைவில் தெரிந்தது. இங்குதான் அவர் பணியின் உள்முரண் வெளிப்படையாகிறது. படை மருத்துவரின் கடமை நோயாளியைப் பணிக்குத் தகுதியாக்குவது. நோயே இல்லாதவரிடம் அக்கடமை, அவருடைய கொள்கையை மாற்றுவதாக ஆகிவிடுகிறது. நோயுற்றவரிடமோ, குணமாக்குவது என்பது எந்த இடம் அவரைச் சிதைத்ததோ அதே இடத்துக்கு அவரை மீண்டும் அனுப்புவது.

ரிவர்ஸ் இதை உணராதவர் அல்லர். அக்காலத்தில் தமக்கு வந்த கனவு ஒன்றை அவரே பகுப்பாய்வு செய்தார். இறந்தபின் வெளியான 'முரண்பாடும் கனவும்' நூலில் அது உள்ளது. போருக்கு எதிரான நோயாளியுடன் பேசும்போது தம் சொற்கள் ஓர் அறிவியலாளரின் சுதந்திரமான கருத்துகளா அல்லது அணிந்திருந்த சீருடையின் கருத்துகளா என்ற ஐயம் தம் மனத்தடியில் இருந்ததை அவர் அதில் கண்டறிந்தார். நோயாளியை மாற்ற முயலும் மருத்துவர், நோயாளியின் கருத்துக்குத் தாமே மாறிவிட்டால் என்ன நேரும் என்பதும் அவர் எண்ணத்தில் இருந்தது.

சசூன் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆயினும் தம் படைவீரர்கள் போர்முனையில் இருக்கத் தாம் பாதுகாப்பாக இருப்பதைப் பொறுக்க இயலாமல் நவம்பரில் மருத்துவக் குழுவின் ஒப்புதலுடன் பணிக்குத் திரும்பினார். 1918 ஜூலையில் தலையில் குண்டடிபட்டு இலண்டன் மருத்துவமனையில் கிடந்தபோது ரிவர்ஸ் சென்று பார்த்தார். கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் ஆர்தர் பிராக் என்னும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவர் வில்பிரட் ஓவன். சசூனை அங்கே சந்தித்த பின்னரே அவருடைய சிறந்த கவிதைகள் எழுந்தன. அவரும் குணமாகிப் பணிக்குத் திரும்பினார். போர் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று, கொல்லப்பட்டார்.

இறுதி ஆண்டுகள்

1917 இறுதியில் ரிவர்ஸ் விமானப் படையின் இலண்டன் மருத்துவமனைக்கு உளவியலாளராக மாற்றப்பட்டார். போருக்குப்பின் கேம்பிரிட்ஜ் திரும்பினார். முன்பு கூச்சமும் ஒதுக்கமும் கொண்டிருந்தவர் இப்போது முற்றிலும் மாறியிருந்தார் என நண்பர்கள் குறிப்பிட்டுள்ளனர். கல்லூரி மாணவர்களை அவர்களின் அறைகளுக்கே தேடிச் சென்றார், தம் அறையில் ஞாயிறு காலை உணவுக்கு அழைத்தார், விவாதித்தார். நினைவாற்றல் ஆய்வால் புகழ்பெற்ற பிரெடெரிக் பார்ட்லெட் அவருடைய மாணவர்களில் ஒருவர். 1920 இல் 'இயல்பூக்கமும் நனவிலியும்' நூல் வெளிவந்தது.

1922 இல் தொழிற்கட்சியின் சார்பில் இலண்டன் பல்கலைக்கழகத் தொகுதியில் நாடாளுமன்ற வேட்பாளராக நிற்க இசைந்தார். அறிஞர்களுக்கு அரசியல் எதற்கு என்று கருதியிருந்த அவர், போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் நிலையைக் கண்டு மனம் மாறினார். தேர்தல் வரை அவர் உயிருடன் இல்லை. ஜூன் மாத விடுமுறையில், பணியாளர்கூட அருகில் இல்லாத இரவில், கல்லூரி அறையில் குடலிறக்கம் இறுகிக் கடும் வலிக்கு ஆளானார். மறுநாளே பிறர் கண்டனர். அறுவை சிகிச்சை பயனளிக்காமல் ஜூன் 4 அன்று கேம்பிரிட்ஜில் காலமானார். அகவை 58. அவர் இடத்தில் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் வேட்பாளராக நின்று தோற்றார்.

பிற்காலத் தாக்கம்

ரிவர்ஸின் சிகிச்சை அதிகாரிகளுக்கு மட்டுமே கிட்டியது என்பதை மறக்கலாகாது. சாதாரணப் படைவீரர் ஒருவருடன் வாரக்கணக்கில் அமர்ந்து பேச அன்றைய மருத்துவ அமைப்பில் நேரமும் ஆளும் இல்லை. மனமும் பெரும்பாலும் இல்லை. போர் முடிந்ததும் இம்முறைகளில் பல மறக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரில் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்கப்பட்டன. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறு என்னும் நோய்ப்பெயர் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் இடம்பெற்றது 1980 இல், வியட்நாம் போருக்குப் பின்னரே.

அதன்பின் இந்நோய் படைவீரர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது தெளிவாயிற்று. விபத்துகளில் உடல்களை மீட்கும் தீயணைப்பு வீரர்கள், துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட நேர்ந்த அல்லது கொலைக்களத்தை முதலில் கண்ட காவலர்கள் ஆகியோரிடமும் அதே கொடுங்கனவு, அதே பதற்றம், சக ஊழியர்முன் காட்டக்கூடாது என்ற அதே அழுத்தம் காணப்பட்டன. 1980களில் நிகழ்வு முடிந்த சில நாட்களுக்குள் அனைவரையும் குழுவாக அமரவைத்து ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை மீட்புப் பணியாளர்களுக்காக அமெரிக்காவில் உருவாகிக் காவல் துறைகளிலும் பரவியது. ஆனால் 2005 இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுநெறி இத்தகைய ஒற்றை அமர்வை வழக்கமாக நடத்த வேண்டாம் என்றது. அது நோயைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அதிர்ச்சி நினைவை மையப்படுத்திய, பல வாரங்கள் நீளும், தனிநபர் சிகிச்சையையே அது பரிந்துரைத்தது. பேசவிடாமல் அடக்குவதும் தவறு, ஆயத்தமாகாதவரை ஒரே மூச்சில் பேசவைப்பதும் பயனற்றது என்னும் இந்நிலை, 1917 ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வெகு தொலைவில் இல்லை.

சசூன் 1936 இல் வெளியிட்ட தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நூலில் மற்ற பலரின் பெயர்களை மாற்றியபோதும் ரிவர்ஸின் பெயரை அப்படியே விட்டுவைத்தார். 1991 முதல் பேட் பார்க்கர் எழுதிய மூன்று நாவல்களில் ரிவர்ஸ் முதன்மைப் பாத்திரமாக வருகிறார். அவற்றுள் மூன்றாவது 1995 இல் புக்கர் பரிசு பெற்றது. முதல் நாவல் 1997 இல் திரைப்படமானது. இந்நாவல்களால் அறிமுகமாகும் வாசகர்கள், அவற்றில் உள்ள உரையாடல்கள் கற்பனை என்பதையும், ரிவர்ஸின் கட்டுரைகளே நேரடிச் சான்று என்பதையும் கருத்தில் கொள்வது நல்லது. கிரெய்க்லாக்கார்ட் கட்டடம் இப்போது எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உள்ளது. அங்கு போர்க்காலக் கவிஞர்களையும் மருத்துவமனையையும் பற்றிய ஆவணத் தொகுப்பு ஒன்று பேணப்படுகிறது.